கோணிப் படுதாவுக்குள் ஒரு சீசன்

பொங்கல் முடிந்து மாட்டின் கொம்பில் பூசிய சாயம் வெளுப்பதற்குள் எங்கள் திருவள்ளூரில் பூப்பந்து சீசன் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கிடந்த மைதானத்தைக் கொத்தி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். அது ஆடுகிறவர்கள் வேலை அல்ல, பார்க்கிறவர்கள் வேலை. ஆடுகிறவன் கையில் கொப்புளம் வந்துவிடக் கூடாது என்று எப்போதோ யாரோ வைத்த வழக்கம். கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து நானும் உருளை இழுத்தேன். எனக்கு ஆட வராது. பேட்டைக் கையில் கொடுத்தால் பந்தை வலைக்குள்ளேயே அடிப்பேன். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், கல்லூரிக்குப் போகிற காலை பாசஞ்சர் மெட்ராஸ் சென்ட்ரல் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வருவேன். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் ஆவடியிலேயே கண்ணை மூடிக்கொள்வார்.

பூப்பந்து பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கம்பளி நூலில் கட்டிய பந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்துக்கு ஐந்து பேர். தரையில் பந்து விழாமல் வலைக்கு மேலே அடித்துக்கொள்ள வேண்டும். இருபத்தொன்பது பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம், மூன்றில் இரண்டு கேம் எடுத்தால் ஜெயம். கம்பளி என்பதால் பந்துக்கு எடையே கிடையாது. தெரிந்தவன் அடித்தால் குருவி மாதிரிப் பாயும். தெரியாதவன் அடித்தால் பஞ்சு மாதிரி மிதக்கும்.

எங்கள் டீமுக்குத் தோற்று நல்ல பழக்கம் உண்டு. ஆனால் தை மாதத்தில் எந்த டீமும் தோற்பதில்லை. இன்னும் ஒரு ஆட்டமும் ஆடவில்லையே. அந்த மாதம் முழுக்க எங்கள் டீம் சலூனில் உட்கார்ந்தபடியே ஜெயித்துக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் ரோட்டு சலூன்காரர்தான் எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர். நாற்பது வயதிருக்கும். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே பேசுவார். முக்கியமான இடம் வந்தால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும், கீழே சோப்பு நுரையோடு ஒருவர் காத்திருப்பார்.

"இந்த வருசம் பாருங்க" என்றார் அந்தத் தை மாதம்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீர் ஓய்" என்றார் மடப்பள்ளிக்காரர். இவர் பெருமாள் கோயிலில் தளிகை சமைக்கிறவர். மாலைத் தளிகையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்புச் சூட்டில் வந்த வேர்வை காய்வதற்குள் மைதானத்துக்கு வந்து நிற்கிற ஆள்.

"போன வருசம் சொன்னது நம்பிக்க சாமி. இது நெசம்."

"யோவ், மொதல்ல இந்தப் பக்கத்து கன்னத்த முடி. அப்பால கப்பு வாங்கிக்கலாம்" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

சலூன்காரர் நெசம் என்று சொன்னது ஒரு பையனைப் பற்றி. ரயில்வே கேட்டைத் தாண்டி, ஏரிக்கரை வழியாக சைக்கிளில் போனால் வரும் கிராமம் அவனுடையது. பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அப்பாவோடு நெல் வயலில் இருந்தான். எங்கள் கேப்டன், போஸ்டாபீசில் குமாஸ்தா, அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் இவன் ஆடுவதைப் பார்த்து, பந்தி போட்டதையும் மறந்து நின்றுவிட்டாராம்.

அவன் ஆட்டத்தை நான் முதலில் பார்த்த சாயங்காலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மெலிந்த உடம்பு, கறுத்த முழங்கால், அரை டிராயர். வலைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நின்றான். பேட்டை ஓங்கினான், எதிர்ப்பக்கத்து ஐந்து பேரும் பின்னால் போனார்கள். அவன் அடிக்கவில்லை. வைத்தான். சாப்பிடுகிறவன் இலையில் அப்பளத்தை வைக்கிற மாதிரி. பந்து வலையின் மேல் நாடாவை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய், போன இடத்திலேயே செத்து விழுந்தது. மைதானத்தில் சத்தமே இல்லை. மடப்பள்ளிக்காரர் மட்டும் "அடடா" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல பாசுரம் கேட்டால் சொல்வாரே, அதே குரலில்.

அந்த மாதத்தில் நான் கல்லூரியில் என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பையன் எத்தனை பந்து வைத்தான் என்று கேட்டால் சொல்வேன்.

ஆனால் அவனுக்கு ஒரு கெடு இருந்தது. அவனை ஆட அனுப்பச் சொல்லிக் கேப்டன் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அப்பா சொல்லியிருந்தார்: "சித்திர வரைக்கும் உடறேன். அதுக்குள்ள ஒரு வேல வெட்டிக்கு ஆவுற மாதிரி இருந்தா ஆடட்டும். இல்லன்னா ஏர் புடிக்கட்டும். எனுக்கு கீறது ஒரே புள்ள." அதற்கு வழி இல்லாமல் இல்லை. பங்குனியில் பொன்னேரியில் நடக்கிற டோர்னமெண்டுக்கு வருஷா வருஷம் மெட்ராஸ் மில் ஒன்றிலிருந்து டீம் மேனேஜர் வருவார். கண்ணில் பட்ட ஒருவனை மில்லில் வேலை கொடுத்து அழைத்துப்போவார். ஆகவே பையனுக்கு இருந்தது ஒரே ஒரு சீசன். எங்களுக்கும்தான், ஆனால் அதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கணக்கில் அவன் ஏற்கெனவே மில்லில் சேர்ந்து, மாநில டீமுக்குப் போய், டில்லியில் ஆடி முடித்திருந்தான்.

மாசியில் அவனுக்கு மணிக்கட்டு வலி வந்தது. அமாவாசையன்று பெருமாள் கோயில் குளத்துப் படியில் கூட்டம் நெரியும். வலி, மரு, கட்டி எதுவானாலும் அந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் கரைந்துபோகும் என்று சுற்றுப்பட்டில் அத்தனை பேரும் வருவார்கள். சலூன்காரர் ஒரு துண்டு வெல்லம் அல்ல, ஒரு மண்டை வெல்லத்தையே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு மணிக்கட்டுக்கு இவ்வளவா?" என்றார் மடப்பள்ளிக்காரர்.

"டீமுக்கே சேத்து சாமி. கேப்டனுக்கு முட்டி கீது. சென்டர் ஆடறவனுக்கு புத்தி கீது."

"புத்தி கரைஞ்சுபோயிடப் போறது, பாத்து."

பையன் கூச்சத்தோடு படியில் நின்று, தன் பங்குக்குக் கொஞ்சம் கரைத்தான். மணிக்கட்டு சரியாகிவிட்டது. வெல்லமா, கேப்டன் போட்ட தைலமா என்று நாங்கள் ஆராயவில்லை.

மாசிக் கடைசியில் காற்று வந்தது. எங்கள் ஊரில் தை மாத மாலைகள் அசையாமல் இருக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும். அது அத்தனை தூரத்தைக் கடந்து எங்களிடம் வந்து சேரச் சாயங்காலமாகிவிடும். சரியாக ஆட்ட நேரம். பையன் வைத்த பந்து நாடாவைத் தாண்டி, கொஞ்சம் யோசித்து, நாலடி தள்ளிப் போய் மிதந்தது. எதிரில் இருந்தவன் அதை ஓங்கி அடித்தான். இரண்டு மூன்று நாள் இப்படியே. பையன் முகம் சுண்டிப்போயிற்று. எங்களுக்குத் தாங்கவில்லை.

நெல் மண்டிக்காரர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். அவரிடம் பழைய கோணிகள் வாங்கி, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து, மூங்கில் நட்டு, காற்று வருகிற இரண்டு பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு படுதா கட்டினோம். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து தைத்தார். நான் விரலில் குத்திக்கொண்டேன்.

கேப்டன் மட்டும் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வேணாம்பா. காத்துலயும் ஆடிப் பழகணும்."

"இன்னா சார் நீங்க. கொயந்தைய எடுத்தவுடனே வெயில்ல போடுவாங்களா? மொதல்ல கை படியட்டும்" என்றார் சலூன்காரர்.

கேப்டன் சாதுவான மனிதர். சரி என்று விட்டுவிட்டார். படுதாவுக்குள் பையன் மறுபடியும் பூத்தான். கோணியின் நெல் வாசனை, வெளியே காற்று அடித்து மூங்கில் கிரீச்சிடும் சத்தம், உள்ளே அசையாத வெளிச்சத்தில் அந்த மஞ்சள் பந்து. அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்து ஊர் டீம் ஒன்று நட்பாட்டத்துக்கு வந்து தோற்றுப்போனது. திரும்பும்போது அவர்கள் படுதாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டோம்.

பொன்னேரிக்குப் போன ரயிலில் இடம் போதவில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் வண்டியில் ஏற வேண்டும். திருநின்றவூர் தாண்டுவதற்குள் மடப்பள்ளிக்காரர் புளியோதரைத் தூக்கைத் திறந்துவிட்டார். பையன் ஜன்னலோரம், பேட்டைத் துணிப்பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தான்.

"சாப்பிடு. வேண்டாம்னு சொல்லாதே."

"ஆடணும் சாமி. வயிறு நெறஞ்சா ஓட முடியாது."

"நீ எங்கேடா ஓடறே. நின்ன இடத்துல வைக்கிறே. சாப்பிடு."

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மில்லில் சேர்ந்தால் மெட்ராசில் எங்கே தங்குவான் என்று பேச்சு போயிற்று. பெரம்பூரில் தன் மச்சான் வீடு இருக்கிறது என்றார் சலூன்காரர். வேண்டாம், அங்கே சாப்பாடு சரியிருக்காது என்றார் மடப்பள்ளிக்காரர். இரண்டு பேரும் சண்டையே போட்டார்கள். பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

பொன்னேரி மைதானம் திறந்த வெளியில் இருந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள், தள்ளி நாலைந்து பனைமரம், வேறு மறைப்பு இல்லை. எங்கள் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்குப் பனை ஓலைகள் சடசடவென்று அடித்துக்கொண்டன. கடல் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். எதிர் டீம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்கள், பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் ஆடியவர்கள். பந்தைத் தணிவாக, தட்டையாக, காற்றுக்குக் கீழே அடித்தார்கள்.

முதல் கேமில் காற்று எங்கள் முகத்தில். பையன் முதல் பந்தை வைத்தான். அது நாடாவுக்கு மேலே எழும்பி, தயங்கி, வந்த வழியே திரும்பி எங்கள் பக்கமே விழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரிகாசமாக இல்லை, வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் மறுபடி வைத்தான். மறுபடி திரும்பி வந்தது. இரண்டாவது கேமில் பக்கம் மாறினோம். இப்போது காற்று முதுகில். வைத்த பந்தெல்லாம் நீளமாக மிதந்து எதிராளியின் பேட்டுக்கே போய் நின்றது.

நாங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினோம் என்று தெரியவில்லை. எங்கள் மூன்று பேர் கண்ணும் எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மில் மேனேஜர் முகத்தின் மேல் இருந்தது. வெள்ளைப் பேண்ட், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குள் எங்கே பார்க்கிறார் என்று தெரியாது.

"நம்ம பையனத்தான் பாத்துகினு கீறாரு" என்றார் சலூன்காரர்.

"தூங்கறார்" என்றார் மடப்பள்ளிக்காரர்.

ஆட்டம் முடிவதற்கு முன்பே அவர் எழுந்து, பக்கத்துக் கோர்ட்டுக்கு நாற்காலியைத் தூக்கிப் போடச் சொன்னார். இரண்டு கேமும் போயிற்று. பையன் பேட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்துக் கயிறு கட்டினான். கேப்டன் அவன் தோளில் கை வைத்தார். திரும்பும் ரயிலில் மீதிப் புளியோதரையை யாரும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் ஊரிலிருந்து பால் கொண்டுவருகிறவர் சொன்னார்: "அவங்க நைனா போதும்னுட்டாரு. சித்திர வரைக்கும் இன்னாத்துக்குன்னு கேட்டாராம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு சைக்கிளில் மூன்று பேர் கிளம்பினோம். மடப்பள்ளிக்காரர் சலூன்காரரின் பின்சீட்டில். கேப்டன் வர மறுத்துவிட்டார். பொன்னேரியில் வேலை கிடைத்துவிடும் என்று ஏற்கெனவே ஒரு தடவை வாக்குக் கொடுத்தவர், இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்கக் கூச்சம். ஏரிக்கரை மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சலூன்காரர் என்னென்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மில் போனால் என்ன, ரயில்வே இருக்கிறது, கரண்ட் ஆபீஸ் இருக்கிறது, இவன் கைக்கு எல்லாரும் வந்து வாசலில் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டுமாம். "நீ சொல்லு காலேஜி. படிச்சவன் சொன்னா எடுபடும்."

அப்பா கிணற்று மேட்டில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பையன் கீழே வயலில், மண்வெட்டியால் மடையை வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து நிமிர்ந்தான், பிறகு மறுபடி குனிந்துகொண்டான்.

அப்பா எங்களை வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்காரச் சொன்னார். மோர் வந்தது. சலூன்காரர் ஆரம்பித்தார். ரயில்வே, கரண்ட் ஆபீஸ், டில்லி எல்லாம் வந்தது. அப்பா குறுக்கே பேசவில்லை. சலூன்காரர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. இவன் ஆட்டத்துல மேல வருவானா? வருவான்னா நான் ஒரு ஆள வச்சி வேலைய பாத்துக்கறேன். எனுக்கும் முதுகு வளையல. ஆனா எத நம்பி வைக்கறதுன்னு தெரிஞ்சாவணும்."

சலூனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பேன். இங்கே கையிலிருந்த மோரைக் கீழே வைத்தேன். அவர் முதுகு உண்மையாகவே வளையவில்லை, மோரைக் கொடுக்கும்போதே பார்த்தேன். என் ஒரு வார்த்தையை எடுத்து அவர் அந்த முதுகின் மேல் வைத்துக்கொள்ளப்போகிறார்.

"தெரியலீங்க" என்றேன்.

சலூன்காரர் என் தொடையைக் கிள்ளினார்.

"நெசமா தெரியல. அவன் நல்லா ஆடி நாங்க பார்த்ததெல்லாம் காத்தில்லாத நாள்ல, இல்லன்னா நாங்க கட்டின படுதாவுக்குள்ளதான். காத்துல மேட்ச்னு ஒரே ஒரு நாள்தான் ஆடியிருக்கான். அதை வச்சு வருவான்னும் சொல்ல முடியாது, வரமாட்டான்னும் சொல்ல முடியாது. அவன் ஆடறதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதாங்க."

"உனுக்கு இன்னா லாபம்?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா வெயில்ல சைக்கிள் மெதிச்சிகினு வந்துகிறீங்க?" என்று மூன்று பேரையும் பார்த்தார். மடப்பள்ளிக்காரர் மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் வாயோரம் கொஞ்சம் இளகியது. "எங்க ஊட்டுக்கு வந்தவங்க எல்லாம் டில்லிக்கு போவான், ராஜாவா வருவான்னுதான் சொன்னாங்க. தெரியலன்னு சொல்ல ஒரு புள்ள ரயில் ஏறி படிக்க வேண்டிகீது."

பிறகு மேட்டிலிருந்து குரல் கொடுத்தார். "டேய், இங்க வா."

பையன் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, காலில் சேறோடு வந்து நின்றான். அந்த சீசன் முழுக்க அவனைப் பற்றி ஊரே பேசியது. அவன் பேசி நாங்கள் கேட்டது ரொம்பக் கொஞ்சம்.

"நீ இன்னா சொல்ற? இவங்களுக்குத் தெரியலியாம்."

அவன் கால் விரலால் மண்ணைக் கீறினான். "ரெண்டாவது கேம்ல ஒரு பந்து உழுந்துச்சி நைனா."

"இன்னா பந்து?"

"மத்ததெல்லாம் மேல வச்சேன். காத்து தூக்கிகினு போச்சி. அப்பால ஒண்ண கீய, வலைய ஒட்டி, இப்படி அறுத்து உட்டேன். அது அங்கயே உழுந்துச்சி. மறுபடி பண்றதுக்குள்ள கேம் முடிஞ்சிபோச்சி." வெறும் கையை வலைக்கு முன்னால் நீட்டுவதுபோல் நீட்டி, மணிக்கட்டைத் தணிவாக ஒரு தரம் வெட்டினான். "எப்படின்னு கொஞ்சம் தெரியற மாதிரி கீது."

"ஒரே பந்தா?"

"ஒண்ணுதான்."

அப்பா கிணற்றுப் பக்கம் திரும்பினார். மோட்டார் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஆடியில நாத்து உடற வரைக்கும் போ" என்றார். "விடியக்கால தண்ணி கட்டிட்டுத்தான் போவணும். சைக்கிள் பஞ்சர் ஆனா எங்கிட்ட வராத." பிறகு எங்களிடம்: "யாரும் இங்க வந்து டில்லி கதை சொல்லாதீங்க. ஒரு பந்து ரெண்டு பந்தா ஆச்சின்னா, அத வந்து சொல்லுங்க. போதும்."

பையன் மண்வெட்டியை எடுக்க வரப்புக்கு ஓடினான். கூப்பிட்டபோது நடந்துதான் வந்திருந்தான்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் எதிர்க்காற்று. எனக்கு அந்த ஒரு பந்து மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டாவது கேம், எங்கள் பக்கம் மாறிய பிறகு. நான் அங்கேதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு யோசித்தும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகம்தான் ஞாபகத்தில் வந்தது.

"அந்தப் பந்து தெரியுமில்ல?" என்றார் சலூன்காரர், மூச்சு இரைக்க. "நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து, அப்படியே திரும்பி, பொட்டுனு உழுந்துச்சே. நான் அப்பவே நெனச்சேன்."

பின்சீட்டிலிருந்து மடப்பள்ளிக்காரர், "இடது பக்கமா விழுந்தது" என்றார்.

"வலது சாமி."

"இடது ஓய். என் கண்ணால பாத்தேன்."

அவர்களும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று, "நடுவுல விழுந்தது" என்றேன். வண்டி கடந்து போகிறவரை மூன்று பேரும் அதைப் பற்றியே சண்டை போட்டோம்.